மாரிச்சாமிக்கு ஜாமீன்

1.2.86, சனி

காலையிலிருந்து புழுதிக் காற்று. ஆபீஸ் ஜன்னல் இடுக்கில் ஈரத் துணி திணித்தும் டைப்ரைட்டர் மேல் மணல். கண் எரிச்சல்.

பத்தரைக்குத் தபால் பை. தொழிலாளர்களின் கடிதங்களை நான் உடைப்பதில்லை, கேம்ப் வாரியாகப் பிரித்துக் கட்டுவதோடு சரி. ஒன்று மட்டும் ஓரம் கிழிந்து வந்திருந்தது. தூக்கியதும் உள்ளேயிருந்த அட்டை மேஜையில் விழுந்தது. படித்துவிட்டேன்.

மெட்ராஸில் ஒரு வங்கி. ஹாக்கி ஆட்டக்காரர்களுக்கு ஐந்து கிளார்க் வேலை. பிப். 12, 13, 14 மூன்று நாள் ஆடிக் காட்ட வேண்டும். பெயர்: மாரிச்சாமி. கூடவே ஒரு துண்டுத் தாள்: “இதுதான் கடைசி. ஏப்ரலில் உனக்கு வயது தாண்டிவிடும். எப்படியாவது வா. மாஸ்டர்.” கோவில்பட்டியில் அவனுடைய கோச். வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கிறது.

மாரிச்சாமி எங்கள் கம்பெனி ஹாக்கி டீமில் லெஃப்ட் இன், முன்வரிசையில் இடப்பக்கம் ஆடுபவன். விசாவில் ஸ்டோர் ஹெல்பர். ஒன்றரை வருடம் முன்பு, அவன் காலேஜ் முடித்த கையோடு அவனுக்குப் போன ஆஃபர் கடிதத்தை டைப் அடித்தது நான். யுனிவர்சிட்டிக்கு இரண்டு வருடம் ஆடியவன். “முறையான பயிற்சி, பெரிய ஆட்டங்கள்” என்று மேனேஜர் கான் சாஹிப் சொல்லச் சொல்ல அடித்தேன். விசா என்ன வகை என்று அப்போதே எனக்குத் தெரியும். ஒன்றும் கேட்கவில்லை.

எண்ணெய் விலை இறங்கியதிலிருந்து வெள்ளிக்கிழமை மட்டும் ஆட்டம். மற்ற நாள் ஜெபல் அலி யார்டில் பைப் எண்ணுகிறான்.

தண்ணீர் லாரி வரவில்லை. இரண்டு வாளிதான் பாக்கி.

2.2.86, ஞாயிறு

யார்டுக்கு போன் செய்து சொன்னேன். டியூட்டி முடிந்து இரண்டு பஸ் மாறி ரோலாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். அட்டையை வாங்கி நின்றபடியே நாலு தடவை படித்தான்.

“இன்னும் எத்தன நாளுக்கா இருக்கு?”

“பத்து. கான் சாஹிப்கிட்ட நேராக் கேட்டுப் பாரேன்.”

“விடவே மாட்டாருக்கா. இருவத்தொண்ணாந் தேதி டோர்னமென்ட் இருக்குல்லா. இன்னொரு டீமுக்கு ஆடப் போறேன், லீவு குடுங்கன்னா குடுப்பாரா?”

அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்தான். “எல்லாரும் அடிக்கிற தந்திதான்க்கா அடிக்கணும். மொதல்ல அம்மாட்ட சொல்லிரணும். இல்லன்னா தந்தியப் பத்திக் கேள்விப்பட்டு அது வேற பயந்துரும்.”

மாஸ்டர் வீட்டு எதிர்க்கடையில் போன் இருக்கிறதாம், அங்கே பேசி அவரையே தந்தி அடிக்கச் சொல்வானாம்.

தோசை ஊற்றிக் கொடுத்தேன். ஆறு.

5.2.86, புதன்

தந்தி வந்தது. அம்மா கவலைக்கிடம், உடனே புறப்படு. நானே எடுத்துப் போய் மேஜையில் வைத்தேன்.

கான் சாஹிப் இரண்டு முறை படித்தார். “பிப்ரவரி வந்தால் இந்தியாவில் எல்லா அம்மாவும் படுத்துவிடுகிறார்கள். என்ன விஷயம், மேடம்?” பி.ஆர்.ஓ. கோபி சிரித்தார். நான் கையிலிருந்த பென்சிலைச் சீவினேன், ஏற்கெனவே கூராக இருந்ததை.

பத்து நாள் லீவு. பதினெட்டாம் தேதி பிராக்டிஸுக்கு நிற்க வேண்டும். “யாருடைய பாஸ்போர்ட்?”

இங்கே அதுதான் வழக்கம். ஒப்பந்தம் முடியாமல் ஒருவன் ஊருக்குப் போனால் இன்னொருவரின் பாஸ்போர்ட் ஜாமீன். போனவன் திரும்பும்வரை ஜாமீன் நின்றவர் எங்கும் போக முடியாது. போன வருடம் ஒரு கார்ப்பென்டர் வராமலே போனான், அவனுக்காக நின்ற மேசன் தன் தங்கை கல்யாணத்துக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு யார் நிற்பார்கள்? டீமில் நாலு பேரிடம் கேட்டான். நாலு பேருக்கும் கோடைக்கு முன்னால் லீவு.

நான் கணவர் விசாவில் இருப்பவள். என் பாஸ்போர்ட் மட்டும்தான் கம்பெனி அலமாரிக்கு வெளியே, என் வீட்டு டிரங்குப் பெட்டியில்.

“மேரா ரக் லீஜியே, சார்.” என்னுடையதை வைத்துக்கொள்ளுங்கள் என்றது என் குரல்தான்.

கான் சாஹிப் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “சோச் லோ, மேடம்.” யோசித்துக்கொள்ளச் சொல்கிறார். வெளியே வந்ததும் கோபி: “சேச்சி, அவன் போனா திரிச்சு வராது, கேட்டோ.” திரும்பி வரமாட்டானாம்.

ஊருக்குப் போக என் லீவு 22ஆம் தேதி. அவன் வருவது 17. கணக்கு சரியாகத்தான் இருந்தது. வீட்டில் அரிசி களையும்போதுதான் உறைத்தது. தேர்வாகிவிட்டால் அவன் எதற்குத் திரும்பி வருவான்?

6.2.86, வியாழன்

பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் ரெஜிஸ்டரில் என் பெயரை நானே எழுதி, அலமாரியில் வைத்து நானே பூட்டினேன். சாவி என் டிராயரில்தான் இருக்கும். நல்ல ஏற்பாடு.

மாலை இவர் ஜெபல் அலியிலிருந்து வந்தார், வாராவாரம் போல. துறைமுகத்தில் இந்த வாரம் இரண்டு பேரை வேலையை விட்டு அனுப்பியிருக்கிறார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. சாப்பாடு, துவைக்கும் துணி, தலைவலி.

மகள் வசுவின் கடிதம். பாளையங்கோட்டை ஹாஸ்டல், மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. அரையாண்டில் பிசிக்ஸ் போயிற்று. “அம்மா, படிக்கிறது எதுவும் நிக்க மாட்டேங்குது. நீ வந்து பக்கத்துல உக்காந்தா போதும். ஒண்ணும் சொல்லித் தர வேண்டாம். மார்ச் பூரா இருப்பேல்ல? சத்தியமா?”

போன லீவிலேயே சத்தியம் செய்திருக்கிறேன்.

வாங்க: வசுவுக்கு வாட்ச், பேனா 2, அக்காவுக்குப் புடவை (சத்வா கடையில் பார்த்த மெரூன்), தலைவலித் தைலம்.

7.2.86, வெள்ளி

இன்டஸ்ட்ரியல் ஏரியாவுக்குப் பின்னால் மணல் கிரவுண்டு. அவன் போவதற்கு முன் ஒரு தடவையாவது ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்று போனேன். இவரும் வந்தார், வெயில், வெயில் என்றுகொண்டே.

இத்தனை நாள் டீம் லிஸ்ட் அடித்திருக்கிறேன், ஆட்டத்தைக் கவனித்ததில்லை. மற்றவர்கள் பந்தைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறார்கள். இவன் பார்ப்பதே இல்லை. தலை நிமிர்ந்திருக்கிறது, பந்து ஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. மூன்று பேரைத் தாண்டி நின்று, நாலாவது ஆள் பக்கத்தில் வரட்டும் என்று காத்திருந்து, இடது பக்கம் தள்ளிவிட்டான். கோல் அடித்தது வேறொருவன். கான் சாஹிப் கோட்டோரம் குழந்தை மாதிரி குதித்தார்.

இவர் சொன்னது: “நல்லா ஆடுதான் பய. இவனப் போய் பைப் எண்ண வச்சிருக்கானுவளே.”

அப்போது சொல்லியிருக்கலாம்.

8.2.86, சனி

போய்விட்டான். காலையில் ஆபீஸுக்கு வந்து ஒரு சாக்குப் பொட்டலத்தை என் மேஜைக்கு அடியில் தள்ளினான். ஸ்டிக். அம்மாவைப் பார்க்கப் போகிறவன் ஸ்டிக்கோடு போக முடியாதே. மெட்ராஸில் யாரிடமாவது வாங்கி ஆடுவானாம்.

“பதினேழாந் தேதி வந்துருவேன்க்கா.”

“நல்லா ஆடு.”

இரண்டும் சேர்ந்து நடக்காது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

11.2.86, செவ்வாய்

ஒன்றும் இல்லை. கடிதம் வர நாளும் இல்லை.

மதியம் ஒரு எலக்ட்ரீஷியனின் பாஸ்போர்ட் எடுக்க அலமாரி திறந்தேன். மேல் தட்டில் என்னுடையது, மற்றவற்றைவிடப் புதிய அட்டையோடு. ரூமில் யாரும் இல்லை. எடுத்துக் கைப்பையில் போட்டால் கேட்பவர் யார்? ரெஜிஸ்டரும் என்னிடம்தான். கையில் எடுத்தேன்கூட. போட்டோவில் எனக்கு முப்பத்தெட்டு வயது. திரும்ப வைத்துவிட்டேன். நேர்மை என்று இங்கே எழுத மாட்டேன். கோபியின் செருப்புச் சத்தம் கேட்டது.

13.2.86, வியாழன்

ஆபீஸிலிருந்து கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் வைத்திருந்த சாக்கை இவர் பார்த்துவிட்டார்.

“இது யாருது?”

சொன்னேன். ஸ்டிக்கில் தொடங்கி பாஸ்போர்ட்வரை. கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். சட்டைப் பொத்தான் பாதி கழற்றியபடி.

“உனக்கு அவன் யாரு?”

“யாருமில்ல.”

“பிள்ளைக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்க. யாருமில்லாதவனுக்கு பாஸ்போர்ட்டத் தூக்கிக் குடுத்திருக்க.”

“அந்தக் கடிதத்த நான்தானே அடிச்சேன்.”

“அடிக்கச் சொன்னான், அடிச்ச. டைப் அடிக்கிறவங்க எல்லாம் ஜாமீன் நிக்க ஆரம்பிச்சா ஆபீஸ் நடக்குமா?” பிறகு குரலைத் தாழ்த்தி: “அவன் தோத்தாத்தான் நீ வசுகிட்டப் போவ. அதாவது தெரியுதா ஒனக்கு?”

ஐந்தாம் தேதியிலிருந்தே தெரியும் என்று சொல்லவில்லை.

சாப்பிடவில்லை. ரசத்தை ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

14.2.86, வெள்ளி

இன்று கடைசி நாள். நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது அங்கே. நான் காபி போடும்போது அவன் ஆடிக்கொண்டிருந்திருப்பான்.

எழுதிவிடுகிறேன், யாரும் பார்க்கப் போவதில்லை. காலையிலிருந்து அவன் தோற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அடி கிடி பட வேண்டாம். விழக்கூட வேண்டாம். இரவல் ஸ்டிக் கைக்குச் சரியாக உட்காரவில்லை, பந்து கோல் கம்பத்துக்கு ஒரு சாண் வெளியே போகிறது, அவ்வளவு போதும். அல்லது அவனைவிட நல்ல ஆட்டக்காரர்கள் ஐந்து பேர் வந்துவிடட்டும். எவ்வளவு நாகரிகமாகத் தோற்கடிக்கிறேன் அவனை. பாத்திரம் கழுவும்போது, துணி காயப் போடும்போது, விடாமல்.

நடுவில் அவன் நிமிர்ந்த தலை ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை.

இவர் ஸ்டிக்கைச் சாக்கிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் சுற்றி வைத்தார்.

16.2.86, ஞாயிறு

பதினொன்றே கால். ஆபீஸுக்கு மெட்ராஸிலிருந்து டிரங்க் கால், மாரிச்சாமி. கான் சாஹிப் சைட்டுக்குப் போயிருந்தார், பிழைத்தேன்.

முதலில் மாஸ்டரின் தம்பி வீட்டு விலாசம் சொன்னான், திருவல்லிக்கேணி. எழுதிக்கொண்டேன்.

“என்னப்பா ஆச்சு?”

“கெடச்சிருச்சுக்கா. அறுவது பேரு வந்திருந்தாங்க. அஞ்சுல என் பேரு மூணாவது.”

சந்தோஷம் என்றேன். வாய் சொன்னது.

“இருவதாந் தேதிக்குள்ள சேரணுமாம். அக்கா, டிக்கெட்ட பதினெட்டுக்கு மாத்தி வச்சிருக்கேன். நீங்க வான்னா வாரேன்.”

“உனக்கு என்ன தோணுது?”

“என்னக் கேட்டா வரமாட்டேன்க்கா. அதான் உங்களக் கேக்கேன்.”

எனக்கு வந்த கோபம். என் தலையில் கட்டுகிறாயா என்று கேட்க வாயெடுத்தேன். லைன் போய்விட்டது. மறுபடி வரும் என்று மூன்று மணிவரை பாத்ரூம்கூடப் போகவில்லை. வரவில்லை.

17.2.86, திங்கள்

மதிய இடைவேளையில் தந்தி ஆபீஸ். வரிசையில் எனக்கு முன் ஏழு பேர்.

முதல் படிவத்தில் “புறப்பட்டு வா” என்று எழுதினேன். விலாசமும் எழுதினேன். கவுண்டர்காரர் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. “யல்லா, சிஸ்டர்,” என்று அவசரப்படுத்தினார். பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு ஓரமாக நின்றேன்.

வந்தால்? ஒப்பந்தம் முடியும் செப்டம்பர்வரை யார்டில் பைப் எண்ணுவான். மாதச் சம்பள லிஸ்டில் அவன் பெயரை நான் அடிப்பேன். தேர்வு முடிந்து நான் ஊரிலிருந்து திரும்பும்போது “வசு நல்லா எழுதிச்சாக்கா?” என்று கேட்பான். கேட்கக்கூடியவன்தான். அதுதான் என்னால் முடியாது என்று தோன்றியது. தியாகம் ஒன்றுமில்லை. அந்த முகத்தைப் பார்க்கப் பயம்.

வசு முகம்? அதை ஏன் அந்த நிமிடம் நினைக்கவில்லை என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். தன் பிள்ளைதானே, பொறுத்துக்கொள்வாள் என்று எடுத்துக்கொண்டுவிட்டேனோ.

இரண்டாவது படிவம்: “வராதே. வேலையில் சேர்.” அவசரத் தந்தி. கவுண்டர்காரர் பேனா முனையால் வார்த்தைகளை எண்ணி முத்திரை குத்தினார். கலாஸ், முடிந்தது.

18.2.86, செவ்வாய்

கான் சாஹிப் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. காலையில் முதல் வேலையாக உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன், தந்தி பொய் என்பது உட்பட.

கத்தவில்லை. கத்தியிருக்கலாம். எழுந்து ஏ.சி.யை அணைத்துவிட்டு, திரும்பப் போட்டார். இருபத்தொன்றாம் தேதி லிஸ்டை எடுத்து லெஃப்ட் இன் பெயரை நீலப் பேனாவால் அடித்தார். பதில் பெயர் எழுதவில்லை. “புதிதாக டைப் செய்யுங்கள்.”

“என் பாஸ்போர்ட், சார்?”

“அவன் விசா கேன்சல் ஆகி பேப்பர் வரும்வரை. விசா கொடுத்த கஃபீல், ஆகஸ்டில் வரும் ஹஜ்ஜுக்கு முன்னால் கையெழுத்துப் போட்டால் உங்கள் அதிர்ஷ்டம். விதி நான் போட்டதல்ல.” பிறகு: “சாவியைக் கோபியிடம் கொடுங்கள்.”

கொடுத்தேன். பன்னிரண்டு வருட வேலையில் இன்றுதான் இந்த ஆபீஸில் முகம் சிவந்தது.

ஐந்து மணிக்குக் கிளம்பும்போது தாளிலிருந்து தலையெடுக்காமல் கேட்டார்: “கித்னே மே ஸே, மேடம்?” எத்தனை பேரில் என்று.

“அறுபது பேரில் ஐந்து, சார். இவன் மூன்றாவது.”

“அச்சா,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை, “அச்சா.”

20.2.86, வியாழன்

டிக்கெட் ரத்து. டிராவல்ஸ்காரர், “அப்புறம் எப்போ சிஸ்டர்?” என்றார். தெரியாது என்றேன்.

இவர் மூன்று மணிக்கே வந்துவிட்டார். ஹாஸ்டலுக்குப் போன் செய்ய வேண்டும் என்றேன். சட்டை மாற்றாமலே கூட வந்தார். டெலிபோன் ஆபீஸில் ஆறு நிமிடத்துக்குப் பணம் கட்டி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். “நான் பேசட்டா?” என்றார். வேண்டாம் என்றேன். கூண்டுக்கு வெளியே நின்றார்.

வார்டன் ரூமில் வசு மூச்சு வாங்குவது கேட்டது. ஓடி வந்திருக்கிறாள்.

“எந்த பிளேன்மா?”

“வசு, பரீட்சை முடிஞ்சுதான் வர முடியும்போலருக்கு.”

“...ஏன்?”

“ஒரு பையனுக்காக என் பாஸ்போர்ட்ட ஆபீஸ்ல வச்சிருக்கேன். ஹாக்கி ஆடுறவன். அவன் மெட்ராஸ் போயிருக்கான். பேங்க்ல வேலை.”

“கெடச்சிருச்சா அவனுக்கு?”

“கெடச்சிருச்சு.”

“சரி.” குரல் சரியாக இல்லை. மூக்கை உறிஞ்சினாள். “அப்ப நான் பிசிக்ஸ் ட்யூஷன் சேந்துரட்டா? எங்க ரூம் கலா அக்கா கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. நீ வருவேன்னுதான் வேண்டாம்னுட்டேன்.”

“சேந்துக்கோ.”

“வார்டன் பாக்காங்கம்மா. வைக்கேன்.”

வைத்துவிட்டாள். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. மீதி நேரத்துக்கு ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றேன், இவர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்ததால்.

வெளியே வந்ததும், “என்ன சொன்னா?”

“ட்யூஷன் போறாளாம்.”