நகத்தில் வெள்ளைப் புள்ளி

1982 ஆகஸ்ட் 17, செவ்வாய்

என் நகங்களில் வெள்ளைப் புள்ளிகள் திரும்பவும் வந்துவிட்டன. உடம்பில் துத்தநாகம் குறைந்தால்தான் இப்படி வரும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னதால் ஏப்ரலில் துத்தநாக மாத்திரை சாப்பிடத் தொடங்கினேன். ஜூலைக்குள் பத்து நகங்களும் பளிச்சென்று ஆகிவிட்டன. மட்டாஞ்சேரி குடோனில் என்னோடு தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடிக்கும் எட்டுப் பேரையும் சாப்பிட வைத்தது நான்தான். எட்டுப் பேருக்கும் புள்ளி போனது. இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?

இன்று சாயா குடிக்கும்போது வர்க்கீஸ் சேட்டன் கையை நீட்டினார். "முருகா, மருந்து தீருறதுக்கு முன்னாலயே புள்ளி வந்துட்டுதல்லோ." மற்றவர்களும் நீட்டினார்கள். எல்லோர் நகத்திலும் புள்ளி. மருந்துக் கம்பெனியை நன்றாகத் திட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் மனைவி செல்வியிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்: "ஏப்ரல்லேர்ந்து ஜூன் வரைக்கும் சமரம்னு ஸ்டிரைக் பண்ணி குடோன் பூட்டித்தானே கெடந்துது? அப்ப யாராவது சுத்தியலத் தொட்டீங்களா? நகத்துல அடி படல, புள்ளி வரல."

வர்க்கீஸ் சேட்டனிடம் என்ன சொல்வது? என் பேச்சை நம்பி மாமியாருக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"மிச்ச மாத்திரைய சுத்தியலுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.

சுத்தியல் விழுங்காது. நானே ஒன்று போட்டுக்கொண்டேன்.