பழைய சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம்

என்னங்க,

இட்லி ஹாட்பாக்சில் இருக்கிறது. கார் சாவி ஆணியில். பத்து மணிக்கு மெக்கானிக் மணிவேல் வருவார். நூறு கிலோமீட்டர் ஓடியதும் சக்கரத்து நட்டை மறுபடி இறுக்க வேண்டுமாம். பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

வேறு கம்பெனிக் காரில் ஓடிய பழைய சக்கரங்களை நம் எலெக்ட்ரிக் காருக்கு மாட்டினீர்கள். நடு ஓட்டை பெரிதாக இருந்ததால் வண்டி உதறியது. அப்போது எவ்வளவு பொறுமை உங்களுக்கு! "அந்த ஓட்டைக்குள்ள ஒரு ரிங் போட்டா ஒத்துப்போயிடும் கஸ்தூரி" என்று மூன்று நாள் லீவு போட்டு அலைந்தீர்கள். போன வாரம் புது வண்டிக்குச் செய்வது போல நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினீர்கள்.

என் கீர்த்தனா வந்தபோது ஆரத்தி கூட இல்லை. ரெண்டே நாளில், "உன் முதல் புருஷனோட பொண்ணு, இங்க ஒத்துவராது. எடமும் இல்ல. உன் தங்கச்சி வீட்லயே இருக்கட்டும்" என்று முடித்துவிட்டீர்கள். ஒன்பது வயது. சாப்பிடும் சத்தம் கூடக் கேட்காத பிள்ளை.

வேங்கிக்காலுக்கு, தங்கை வீட்டுக்குப் போகிறேன். பஸ்ஸில்தான். உங்கள் காரில் ஏற மனசு வரவில்லை.

கஸ்தூரி

பி.கு: நம் காரிலிருந்து கழற்றிய நாலு சக்கரத்தையும் சின்ன ரூமில் அடுக்கியிருக்கிறீர்கள். இடமில்லை என்றீர்களே, அதே ரூம். நாலையும் உருட்டி வாசலில் போட்டுவிட்டேன். ரூமைப் பெருக்கிப் பாய் விரித்தாயிற்று. சாயங்காலம் இரண்டு பேராக வருவோம்.