உட்காராத கூட்டத்தில் ஒரு கையெழுத்து

புதுப்பட்டினம் அஞ்சல்,
24.8.2003, ஞாயிறு

அன்பு மகள் கவியாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் அந்தத் துருக்கி தேசத்தில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, டவுன்ஷிப் தோட்ட வேலைக்குப் பழையபடி சைக்கிளில் போகிறார், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள் என்றால் கேட்பதில்லை. உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. போனில் பேசும்போதெல்லாம் பதில் எங்கே என்று கேட்டாய், தையல் வேலை அதிகம் என்று சாக்குச் சொன்னேன். அது பொய். நாலு ரவிக்கை தைக்கிறவளுக்கு ஒரு கடிதம் எழுதவா நேரம் இல்லாமல் போகும். வெட்கம் பிடுங்கித் தின்றது, அதனால்தான் எழுதவில்லை. இப்போது எழுத முடிகிறது. கொஞ்சம் பெரிய கடிதம், டீ போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்து படி.

துருக்கி பாஷை படிக்கப் போகிற மாலை வகுப்பில் உங்கள் டீச்சர் மன்றம் என்கிற சொல்லை நடத்தினார் என்று எழுதியிருந்தாயே, அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். இங்கிலீஷில் கவுன்சில் என்றால் ஆட்களை ஓரிடத்துக்கு அழைத்துக் கூட்டுவது, அந்த ஊர்ப் பாஷையில் மெஜ்லிஸ் என்றால் உட்காரும் இடம், குருல் என்றால் அமைத்து வைத்தது, பிரெஞ்சுக்காரர்களிடம் வாங்கிய கொன்சே என்று இன்னொன்று, கிராமத்துப் பெரியவர்கள் கூடுவதற்குத் தனியாக ஒரு மெஜ்லிஸ் என்று வரிசையாக எழுதியிருந்தாய். எங்கம்மாவும் கவுன்சில் மெம்பர்தான் என்று நீ பெருமையாகச் சொன்னதும் வகுப்பே கைதட்டியது, உன் அம்மாவின் மன்றம் இதில் எந்த வகை, எப்படி நடக்கும் என்று கேட்டு வந்து சொல் என்றார் டீச்சர் என்றும் எழுதியிருந்தாய். நூல் வாங்கப் போன இடத்தில் கடைக்கார பாயிடம் மெஜ்லிஸ் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அது எங்க வார்த்தம்மா, அரபில இருந்து வந்தது, நாலு பேரு குந்தி பேசற எடம்" என்றார். நாலு பேர் குந்திப் பேசுகிற இடம். கடையிலிருந்து வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வாங்கப் போன பச்சை நூலை மறந்துவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தேன்.

ஏனென்றால் நான் ஊராட்சி மெம்பர் ஆகி இரண்டு வருஷம் ஆகப்போகிறது, இதுவரை எங்களை யாரும் அழைக்கவும் இல்லை, நாங்கள் எங்கேயும் உட்காரவும் இல்லை. மாதக் கடைசியில் கிளார்க் வாசுதேவன் தீர்மானப் புத்தகத்தைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஒன்பது மெம்பர் வீட்டுக்கும் வருவார். "யக்கா, கூட்டம் முடிஞ்சி போச்சி, ஒரு கையெழுத்து போடு" என்பார். கூடவே ஒரு பாக்கெட் மிக்சர் கொடுப்பார், கூட்டத்துக்கு வந்தவர்களுக்குச் சிற்றுண்டி என்று கணக்கில் இருக்கிறதாம். நானும் பெயரை வளைத்து நெளித்து அழகாகப் போட்டுவிட்டு, மிக்சரில் இருக்கிற முந்திரியைப் பொறுக்கி உன் அப்பாவுக்குக் கொடுப்பேன். எட்டாவது வரை படித்தவள், கண்ணும் நன்றாகத் தெரிகிறது, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரே ஒரு முறை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. நம் தெருவில் இதுவரை யாரும் அந்தப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டதில்லையே, அது நம் வீட்டு வாசலுக்கு வருவதே எனக்குப் பெரிய கௌரவமாக இருந்தது. உங்கள் டீச்சருக்கு உள்ளதைச் சொல்ல வேண்டுமானால் எங்களுக்கு அந்தக் குருல் ஒன்றுதான் பொருந்தியது, அமைத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இதை எப்படி எழுதுவது என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டு இருந்தபோதுதான், போன மாதக் கடைசியில், சவுக்குத் தோப்பை ஒட்டிய நம் பாதையில் கல்தூண் நட்டார்கள். நம் வீட்டுப் பின்பக்கம் இருந்து ஈ.சி.ஆர். ரோட்டுக்குப் போகும் பாதைதான். நீ காலேஜ் பஸ்ஸுக்கும் அப்புறம் கம்பெனி பஸ்ஸுக்கும் காலையில் ஆறே காலுக்கு ஈரத் தலையோடு ஓடுவாயே, அதே பாதை. இப்போது நம் தெருவிலிருந்து பதினோரு பெண்பிள்ளைகள் மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸுக்கு அதில்தான் போகிறார்கள். அந்தப் பாதை இல்லையென்றால் ஊர்த்தெருவைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர், விடிந்தும் விடியாமலும் அந்தத் தெருவில் நம் பிள்ளைகள் நடந்தால் என்னென்ன பேச்சு வரும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் புதிதாக ரிசார்ட் கட்டுகிறார்கள், அவர்களுடைய வேலைதான் இது. நான் நேரே போய், மெம்பர் வந்திருக்கிறேன், யாரைக் கேட்டு நடுகிறீர்கள் என்று சத்தம் போட்டேன். அங்கே இருந்த சூப்பர்வைசர் கோபப்படவே இல்லை, உள்ளே போய் ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து வந்து நீட்டினார். மே மாதத் தீர்மானம். பாதை உபயோகத்தில் இல்லை, ரிசார்ட் பராமரிப்பில் விடலாம், மெம்பர்கள் அனைவரும் கூடிப் பேசி ஏகமனதாக முடிவு செய்தார்கள் என்று எழுதியிருந்தது. கீழே ஒன்பது பெயர், நாலாவது என்னுடையது. மத்தி மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்த கையோடு போட்ட கையெழுத்து அது, பெயருக்குப் பக்கத்தில் என் பெருவிரல் கறைகூட ஜெராக்ஸில் கறுப்பாக விழுந்திருந்தது. சத்தம் போட்டுக்கொண்டு போனவள் சத்தம் இல்லாமல் திரும்பி வந்தேன்.

மறுநாளே தலைவர் சுப்பிரமணியின் வீட்டுக்குப் போய், கூட்டம் போடுங்கள், அதை ரத்து செய்ய வேண்டும் என்றேன். "இன்னாம்மா இது, கையெழுத்தும் நீயே போடுவ, அப்பால ரத்துன்னும் நீயே வருவ? கூட்டமே நடக்கலன்னு வெளிய சொன்னா பொய்க் கையெழுத்துன்னு உன் மேலதான் கேஸு வரும், பதவி போவும், பாத்துக்க" என்றார். அவரையும் ஒரேயடியாகக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அவருக்கு முன்னால் இருந்தவர் எப்படிச் செய்தாரோ அப்படியே இவரும் செய்கிறார். ஆனால் அவர் சொன்னதில் ஒன்று உண்மை, அன்று கூட்டம் இல்லை என்று நிரூபிக்க என் பொய்யை நானே ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை, வேண்டாம் ஞானம், பெரிய இடத்துப் பொல்லாப்பு, பேஜாரு என்றார். மூன்றாம் நாள் அவராகவே சைக்கிளைத் துடைத்து, என்னைப் பின்னால் உட்காரவைத்து பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய் விட்டார். யூனியன் ஆபீசில் விசாரித்தேன், மெம்பர்கள் சிலர் சேர்ந்து எழுத்தில் கேட்டால் தலைவர் விசேஷக் கூட்டம் கூட்டியே ஆக வேண்டும் என்றார்கள். அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மனுவை எழுதிவிட்டேன். அதை எடுத்துக்கொண்டு நானும் வாசுதேவன் மாதிரியே வீடு வீடாகத்தான் போனேன், ஆனால் படித்துக் காட்டாமல் ஒருத்தரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. ஆறாவது வார்டு அம்சாவுக்குப் படிக்கத் தெரியாது, கைநாட்டுதான். இரண்டு முறை படித்தேன், இன்னொரு வாட்டி படி என்றாள், மூன்றாம் முறையும் படித்தேன். "ரெண்டு வருசமா இன்னாத்துல கை வைக்கறோம்னே தெரியாம வச்சிகினு இருந்தேன்க்கா, இதுலயாச்சும் தெரிஞ்சி வைக்கறேன்" என்று சொல்லி அழுத்தி வைத்தாள். அப்படி ஐந்து பேர் சேர்ந்தோம்.

ஆனால் அதற்கு முன் நம் தெருக்காரர்களிடம் சொல்ல வேண்டுமே. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது, கேஸுக்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை. ஆகஸ்ட் பதினைந்து பள்ளிக்கூட மைதானத்தில் கிராம சபை, அன்றைக்கு எழுந்து நின்று மைக் இல்லாமலே சொன்னேன். பாதையைக் கொடுத்த தாளில் இருப்பது என் கையெழுத்துதான், யாரும் என் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை, படிக்காமல் போட்டேன், அன்று கூட்டமும் நடக்கவில்லை என்றேன். அப்புறம் நம் எதிர்வீட்டுக் கல்யாணி எழுந்தாள், அவள் மகள் ஸ்ரீதேவி இப்போதுதான் நாலு மாதமாகக் கம்பெனிக்குப் போகிறாள். "உம் பொண்ணு அந்த வழியா ஓடிப் போயி ஃபாரின்ல குந்திகினு கீது, எங்க பொண்ணுங்க எப்டி போவும்? உனுக்கின்னா, நீ போட்டுட்ட" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள். கவியா, என் வாழ்நாளில் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. நியாயமான கேள்வி. உட்கார்ந்துவிட்டு, பதவி போனாலும் சரி, ஜெயிலுக்கே போனாலும் சரி, அந்தப் பாதையைத் திரும்ப வாங்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். நீ நடந்து முடித்துவிட்டாய் என்பதற்காக அதை மூடவிட்டவள் உன் அம்மா என்று பேர் இருக்கக் கூடாது.

போன வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூட்டம். முதல் கூட்டம் என்பதால் உட்காரவே இடம் இல்லை, நம்ப மாட்டாய். ஊராட்சி ஆபீஸ் ரூமில் பிளீச்சிங் பவுடர் மூட்டை, உடைந்த டியூப் லைட், யாரோ போட்டு வைத்த சிமெண்டுப் பைகள். நானும் அம்சாவும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லாவற்றையும் இழுத்து வெளியில் வைத்தோம், பெருக்கினோம், பிளீச்சிங் நெடியில் தும்மித் தும்மிக் கண் சிவந்துவிட்டது. எட்டு மெம்பர்கள் வந்தார்கள், நாற்காலி மூன்றுதான் இருந்தது. யாருக்கு நாற்காலி என்று பேச்சு வரும் போல் இருந்தது, அம்சா முதல் ஆளாகத் தரையில் உட்கார்ந்தாள், அப்புறம் எல்லோருமே தரையில் உட்கார்ந்துவிட்டோம், தலைவரும் வேறு வழியில்லாமல் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் பேசினோம். அந்தப் பாதையில் யார் போகிறார்கள் என்று தலைவர் கேட்டார், பதினோரு பிள்ளைகளின் பேரையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில் ரத்து செய்ய வேண்டும் என்று ஆறு கை உயர்ந்தது, இரண்டு கை உயரவில்லை. வாசுதேவன் எழுதி முடித்ததும் சத்தமாகப் படிக்கச் சொன்னோம், படித்தார், அதற்குப் பிறகுதான் போட்டோம். வழக்கமான மிக்சரும் வந்தது. அன்றைக்குத்தான் அதை உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இதோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதே. கல்தூண் இன்னும் அப்படியேதான் நிற்கிறது, கம்பி மட்டும் இழுக்கவில்லை, சுருளாகக் கிடக்கிறது, ஸ்ரீதேவியும் மற்ற பிள்ளைகளும் தூணுக்கு நடுவில் புகுந்து போகிறார்கள். ரிசார்ட்காரர்கள் கோர்ட்டுக்குப் போவோம் என்கிறார்கள். கூட்டம் நடக்காமல் கையெழுத்துப் போட்டது ஏன் என்று எனக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்துவிட்டது, வருகிற மூன்றாம் தேதி நேரில் போக வேண்டும். கிராம சபையில் சொன்னதையே அங்கேயும் சொல்வேன், ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன். கல்யாணி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் மூன்றாம் தேதி துணைக்கு வருகிறேன் என்று அம்சாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். நீ அங்கே இருந்து கவலைப்பட்டு வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே, லீவு போட்டு வருகிறேன் என்றும் கிளம்பாதே. உனக்குச் சொல்ல வேண்டியது வேறு. கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்து ஒப்பந்தம் போடச் சொல்கிறார்கள், தாள் துருக்கியில் அச்சடித்திருக்கிறது என்று போன வாரம் சொன்னாயே, அதை வகுப்புக்கு எடுத்துப் போய் டீச்சரை வைத்து வரிக்கு வரி அர்த்தம் கேட்டுவிட்டுப் போடு. அவசரம் என்று யார் நின்றாலும் நிற்கட்டும், விரலால் மேல்பக்கத்தை மறைத்துக்கொண்டு நீட்டினால் கையைத் தட்டிவிடு. அந்த டீச்சருக்கு என் வணக்கத்தைச் சொல். போன வெள்ளிக்கிழமை வரை எங்கள் மன்றம் சைக்கிள் கேரியரில் இருந்தது, இப்போது தரையில் உட்கார்ந்திருக்கிறது, அடுத்த கூட்டம் செப்டம்பர் கடைசி வெள்ளி, அழைப்புத் தாள் வந்துவிட்டது என்று வகுப்பில் சொல்.

குளிர் வருவதற்கு முன்பே நல்ல ஸ்வெட்டர் வாங்கிக்கொள், போன பிப்ரவரி மாதிரி இருமிக்கொண்டு கிடக்காதே. எண்ணெய் தேய்க்காமல் தலையைக் காயவிடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, நீ நடக்கிற வழியெல்லாம் திறந்தே இருக்கட்டும். அப்பாவின் முத்தங்கள்.

மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடும்,
உன் அம்மா
ஞானம்மாள்