சிரிக்காத மூன்று பேர்

ஸ்டாக்டன்
பிப்ரவரி 3, ஞாயிறு இரவு

அன்புள்ள வன்னாரி அக்காவுக்கு,

மாலிஸ் எழுதுகிறேன். உன்னோடு பேசியது தெரிந்து சித்தப்பா என் போனை வாங்கிக் கடைக் கல்லாவில் வைத்துப் பூட்டிவிட்டார். குளியலறைக் கதவைச் சாத்தி, பேனாச் சத்தம்கூடக் கேட்டுவிடுமோ என்று குழாயை லேசாகத் திறந்துவிட்டு எழுதுகிறேன். அவர் மாவு பிசையக் கடைக்குக் கிளம்புவதற்குள் முடிக்க வேண்டும். மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

செய்தி இதுதான். சித்தியின் அண்ணனோடு சேர்ந்து டெக்சாஸில் ஒரு டோனட் கடை வாங்கிவிட்டார்கள். ஜூனில் பள்ளி முடிந்ததும் எல்லோரும் போகிறோம். அங்கே நான் படிப்பேன் என்று இந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. கல்லாவில் நிற்பேன் என்று மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள்.

"நான் அக்காகூட இருந்துக்கறேனே" என்று கேட்டுவிட்டேன். சித்தப்பா எண்ணெய்க் கரண்டியைக் கீழேகூட வைக்கவில்லை.

"அவளே ஏஜென்சி அனுப்பின தற்காலிக ஆளு. ஸ்டேப்ளர் அடிச்சது போதும்னு நாளைக்கே அனுப்பிடுவாங்க. நிரந்தர வேலைன்னு எழுதின தாள் ஒண்ணு காட்டச் சொல்லு, நானே உன்னைக் கொண்டுபோய் விடறேன்."

சித்தி பக்கத்தில்தான் இருந்தார். அவர் சாட்சி. அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. நீ விண்ணப்பம் போடும் அந்த அனலிஸ்ட் வேலை நிஜமான வேலைதானா? என்ன செய்வார்கள் அதில்? பதிலை என் தோழி யாரெலி வீட்டு முகவரிக்கு அனுப்பு. அவள் பள்ளிக்குக் கொண்டுவந்து தருவாள்.

உன் தங்கை,
மாலிஸ்


சாக்ரமெண்டோ
பிப்ரவரி 12

என் கண்ணு மாலிஸுக்கு,

உன் கடிதத்தைப் பேருந்திலேயே படித்துவிட்டு, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். சித்தப்பா வாயால் "கொண்டுபோய் விடறேன்" என்று சொன்னாரா! அப்படியானால் எனக்கு வேண்டியது ஒரே ஒரு தாள். ஜூனுக்குள் வாங்கிவிடுகிறேன்.

நிஜமான வேலைதான். நான் கோப்பு எடுத்துக் கொடுக்கும் திருமதி ஓகாவா இந்தக் கவுண்டி, அதாவது மாவட்ட, அலுவலகத்தில் சீனியர் நிர்வாக அனலிஸ்ட். கிளை நூலகங்களுக்குப் புத்தகம் கொண்டுபோக இன்னும் வண்டிகள் வேண்டும் என்று நூலகத் துறை போன மாதம் கேட்டது. ஓகாவா ஒரு வாரம் அவர்களுடைய பழைய வண்டிகளில் ஏறி ஊர் சுற்றினார். கிளைகளைத் திறக்கும் நேரம் வேறு, வண்டி போய்ச் சேரும் நேரம் வேறு. பாதி நாள் பூட்டிய கதவுக்கு முன்னால் வண்டி நிற்கிறது. நேரத்தை மாற்றுங்கள், வண்டி வேண்டாம் என்று இரண்டு பக்கம் எழுதினார். ஒன்றுமே செய்யாமல் விட்டால் யாருக்கு என்ன ஆகும் என்றும் ஒரு பத்தி. அது இல்லாமல் அவர் எந்த அறிக்கையையும் அனுப்ப மாட்டார். கையைத் தூக்கி முடிவெடுப்பது மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள்தான், ஆனால் அந்தத் தாளைப் படிக்காமல் ஒரு கையும் உயராது. சீனியர் ஆக எனக்குப் பல வருடம் ஆகும். நான் கேட்பது முதல் படி.

ஆனால் முதல் விண்ணப்பம் போய்விட்டது. தன்விவரக் குறிப்போடு தனியாகச் சில கேள்விகள் உண்டு. எல்லாம் குறிப்பிலேயே இருக்கிறதே என்று, ஒவ்வொரு கேள்விக்கும் கீழே "குறிப்பில் பார்க்கவும்" என்று போட்டேன். உடனே நிராகரித்துவிட்டார்கள். ஓகாவா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடி அசடே, அந்தக் கட்டத்துக்குள்ள இருக்கறதுக்குத்தான் மார்க். வேற பக்கத்தைப் புரட்டிப் பாக்க அவங்களுக்கு அனுமதியே கிடையாது!"

அடுத்த விண்ணப்பத்துக்கு எழுதிய பதில்களை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்து உள்ளதைச் சொல்.

அக்கா,
வன்னாரி


ஸ்டாக்டன்
பிப்ரவரி 20, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று சித்தி கதவைத் தட்டி, "உள்ள என்னடி இவ்வளவு நேரம்?" என்றார். வயிற்று வலி என்றேன். இஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். குடித்துத் தொலைத்தேன்.

உன் பதில்களைப் படித்தேன். சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. உன்னை எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் நானும் இந்த வேலையைத் தர மாட்டேன்.

"சித்தப்பாவின் கடையில் உதவியாக இருந்தேன்." உதவியா? சுகாதார அதிகாரி கடையை மூடச் சொன்னபோது விதிப்புத்தகத்தைப் படித்து, கை கழுவும் தொட்டியை எங்கே வைக்க வேண்டும் என்று வரைந்து கொடுத்தது யார்? சாயங்கால வியாபாரத்தால் நஷ்டம்தான் என்று இரண்டு மாதம் உட்கார்ந்து கணக்கெடுத்துக் கண்டுபிடித்தது யார்? அதைச் சொன்னதற்காகத்தானே, "கடையில வேலை பாக்க வந்தியா, என்னைக் கேள்வி கேக்க வந்தியா?" என்று அவர் கத்தி, நீ வீட்டை விட்டுப் போனாய்? நீ போன அடுத்த மாதமே அவர் சாயங்காலம் கடையை மூட ஆரம்பித்துவிட்டார். "நானே யோசிச்சேன்" என்று எல்லோரிடமும் சொல்கிறார்.

பெரியவர்கள் செய்ததாகவே சொல்ல வேண்டும் என்றுதான் நம் வீட்டில் வளர்த்தார்கள். அந்தக் கட்டத்துக்குள் சித்தப்பாவை உட்கார வைத்துவிட்டு நீ வெளியே நிற்கிறாய். எல்லாவற்றையும் அடித்துவிட்டுத் திரும்ப எழுது. நான் செய்தேன், நான் கண்டுபிடித்தேன் என்று எழுது. வெட்கமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எழுது.

மாலிஸ்


சாக்ரமெண்டோ
ஏப்ரல் 16

அன்பு மாலிஸுக்கு,

கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நேற்று போய் வந்தேன். போகாமலே இருந்திருக்கலாம்.

எதிரில் மூன்று பேர். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. தாளில் இருப்பதை வாசித்தார்கள், நான் சொல்லச் சொல்லக் குனிந்து எழுதினார்கள். நன்றாக இருக்கிறது என்றோ, புரியவில்லை என்றோ ஒரு சொல் இல்லை. "மேலதிகாரிக்குப் பிடிக்காத முடிவை அவரிடம் எப்படிச் சொல்வீர்கள்?" என்றார்கள். கடைக் கதையைச் சொன்னேன். சொன்ன விதம் தவறு என்றும் சொன்னேன். வாடிக்கையாளர் முன்னால் சொன்னேன் அல்லவா? இன்றைக்கானால் தனியாக, அவர் சாப்பிட்ட பிறகு சொல்வேன் என்றேன். நடுவில் இருந்த அம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான் என்று தெரிந்துவிட்டது.

இறுதிச் சுற்று ஒன்று இருக்கிறதாம். அவமானப்பட இன்னொரு முறை போக வேண்டாம் என்று பார்க்கிறேன். பெயரை எடுத்துவிடச் சொல்லி எழுதப் போகிறேன். நீ ஒரு வருடம் மட்டும் டெக்சாஸில் பல்லைக் கடித்துக்கொண்டு இரு. பிறகு வந்து கூட்டிக்கொள்கிறேன். என்னை மன்னித்துவிடு.

வன்னாரி


ஸ்டாக்டன்
ஏப்ரல் 19, இரவு

அக்காவுக்கு,

அன்புள்ள என்று போடவில்லை. கோபம்.

எங்கள் பள்ளி ஆலோசகர் பெல்ட்ரான் இப்படிப்பட்ட குழுக்களில் உட்கார்ந்திருக்கிறாராம். உன் கடிதத்தைக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சிரிக்கக் கூடாதுன்னு எங்களுக்கு வகுப்பே எடுப்பாங்கம்மா! ஒருத்தரைப் பாத்து தலையாட்டிட்டு இன்னொருத்தரைப் பாத்து ஆட்டலைன்னா புகார் வரும். கடிகாரம் பாக்கறதும் அதுக்குத்தான், எல்லாருக்கும் ஒரே நேரம் குடுக்கணும். உங்க அக்கா என்ன, முகத்தைப் பாத்தே தீர்ப்பு எழுதிட்டாங்களா?"

நாம் கல்லாவில் வளர்ந்தவர்கள். வருகிறவர் சிரிக்காவிட்டால் டோனட் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டாய்.

இன்னொன்று. நானும் சொல்லிவிட்டேன். சித்தப்பா சாப்பிட்ட பிறகு, தனியாக, டோனட் போடும் ரோஸ் நிற அட்டைப் பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தபோது. நானும் ஒரு பெட்டியை எடுத்து மடித்துக்கொண்டே பேசினேன்.

"சித்தப்பா, நான் டெக்சாஸ் வரலை. அங்க எல்லாரும் ஸ்பானிஷ்ல கேப்பாங்கன்னு நீங்களே சொன்னீங்க. எனக்கு அது வராது. அந்த ஊர் ஆளையே கல்லாவுல வைங்க."

"ஓகோ! இவளும் அனலிஸ்ட் ஆயிட்டா!"

"நீங்க எதையும் மாத்தாம என்னைக் கூட்டிட்டுப் போனா, நான் அழுதுக்கிட்டே நிப்பேன். அழுமூஞ்சிகிட்ட யாரு டோனட் வாங்குவா?"

அவர் கையில் பெட்டி கோணலாகிவிட்டது. திட்டுவார் என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன். "தாளைக் காட்டு, அப்புறம் பேசு" என்றார். முடியாது என்று சொல்லவில்லை அக்கா! நீ பெயரை எடுத்தால் நான் எதைக் காட்டுவேன்? போ. அவர்கள் கல்லாக உட்கார்ந்திருந்தாலும் போய் உட்கார்.

மாலிஸ்


சாக்ரமெண்டோ
மே 23

என் தங்கமே,

போனேன். இறுதிச் சுற்றுக்கும் கூப்பிட்டிருந்தார்கள். இந்த முறை ஓர் ஆள் தும்மினார், அதற்குக்கூட நான் பயப்படவில்லை.

வேலை கிடைத்துவிட்டது! ஓகாவாவின் மேசைக்கு இரண்டு மேசை தள்ளி என் மேசை. தாளின் நகலை வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தோடு நிறுத்தாதே, இரண்டாவதையும் படி. ஒரு வருடம் தகுதிகாண் பருவம். அதற்குள் காரணம் சொல்லாமலேயே அனுப்பிவிடலாம். அது முடிந்தால்தான் நிரந்தரம். சித்தப்பா கேட்ட சொல் இந்தத் தாளில் இல்லை.

முதல் பக்கத்தை மட்டும் காட்டலாமா என்று எனக்கும் தோன்றியது. வேண்டாம். நான் இனிமேல் பிழைக்கப் போவதே முழுத் தாளையும் காட்டித்தான். இரண்டையும் அவர் கையில் கொடு. பிறகு அவர் சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுது.

அக்கா,
வன்னாரி


ஸ்டாக்டன்
மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். சித்தி எடுத்துக் கொடுத்துவிட்டு நகராமல் அங்கேயே நின்றார். சித்தப்பா இரண்டாவது பக்கத்தில் ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் படித்தார்.

"இது நிரந்தரம் இல்லையே."

"இல்லை சித்தப்பா. அக்காதான் ரெண்டு பக்கத்தையும் காட்டச் சொன்னா."

"இந்தப் பக்கத்தை ஒளிச்சு வெச்சிருந்தா எனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? இவளுக்குப் பிழைக்கவே தெரியலையே!"

சித்திதான் பேசினார். "டெக்சாஸ் கடை மட்டும் நிரந்தரமா? எங்க அண்ணன் ரெண்டு கடையை மூடினவன். அவனை நம்பறீங்க, அவளை நம்ப மாட்டீங்களா?"

சித்தப்பா தாளை மடித்தார். பெட்டி மடிப்பதுபோல் ஓரங்களைத் தேய்த்துத் தேய்த்து மடித்தார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சரி, அவளை ஒரு வருஷம் பாக்கறாங்க. நானும் ஒரு வருஷம் பாக்கறேன். இவ படிப்புல ஒரு பாடம் போச்சுன்னா டெக்சாஸுக்கு டிக்கெட் போட்டுடுவேன்." கல்லாவைத் திறந்து என் போனை எடுத்துக் கொடுத்தார். அடுத்து, யாரைப் பார்த்தும் இல்லாமல், "சாயங்காலம் மூடினது நல்லதாத்தான் போச்சு" என்றார். சித்தி என் காலை மிதித்தார். நான் சிரிக்கவில்லை. உன் மூன்று பேரைப்போலவே உட்கார்ந்திருந்தேன்.

போன் இருந்தும் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ அழுது பாதிதான் கேட்பாய்.

கொண்டுபோய் விடுகிறேன் என்று அவர்தான் சொன்னார். ஆனாலும் நீ வா. ஜூன் மாதம் முதல் சனிக்கிழமை வா. தெருமுனையில் நின்றுகொண்டு என்னைப் போனில் கூப்பிடாதே. உள்ளே வந்து, சித்தப்பாவிடம் கேட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போ. சித்தி மீன் குழம்பு வைக்கிறார், நீ சாப்பிடாமல் போக முடியாது.

உன்,
மாலிஸ்