அம்மா கழுத்துக் காசு

வட்டகொடை
12.11.1962

சேசு மரி சூசை துணை

பாசமுள்ள மகள் சுகிர்தத்துக்கு அப்பா அருளப்பன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் சுகம் என்றுதான் எழுத வேண்டும், அப்படியே வைத்துக்கொள். திருச்சியில் நீயும் மருமகப்பிள்ளை றோலண்டும், நாங்கள் இன்னும் கண்ணால் காணாத பேரன் அலோசியஸும் சுகமாயிருக்கத் தினமும் செபிக்கிறோம். இங்கே மூன்று வாரமாய் மழை விடவில்லை, லயத்துக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையில் நின்று நின்று என் முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. அம்மாவுக்கு இழுப்பு இந்த வருஷம் ரொம்ப அதிகம். சாகிறதுக்குள்ளே பேரனை ஒரு தடவை மடியில் போட்டுப் பார்க்கணும் என்று அவள் சொல்லாத நாள் இல்லை.

அந்த அமெரிக்க வெள்ளிக் காசை விற்றால் கப்பலுக்கும் ரயிலுக்கும் காணும் என்று நீ எழுதியிருந்தாயே, அதைத்தான் சொல்ல வந்தேன். நீ பிறந்த நாற்பதாம் நாள் துரை பங்களாவுக்கு விருந்தாளியாய் வந்த அமெரிக்க அம்மா, பூந்தோட்டத்தில் வேலை செய்த என்னிடம் பிள்ளைக்கு என்று கொடுத்த காசு அது. தலையில் கதிரும் பூவும் வைத்த பெண் முகத்தைப் பார்த்ததும் உன் அம்மா, ஐயோ இது நம்ம மாதாங்க என்று கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாதா நேராய்த் தொங்க வேண்டும் என்று ஆசாரியிடம் சொல்லித் தலைக்கு மேலே வளையம் பற்றவைத்து உன் கழுத்தில் போட்டாள், நீ வளர்ந்த பிறகு தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பேரனுக்காக அதையும் கழற்றிக் கொடுத்தாள். உருக்குறவன்கிட்ட குடுத்துராதீங்க, மாதா மேல நெருப்பு படக்கூடாது, கும்புடுறவங்க வீட்டுக்குக் குடுங்க என்று மட்டும் சொன்னாள்.

ஹட்டனில் செல்லசாமி ஐயா என்று ஒருவர், ஸ்டேஷன் மாஸ்டராய் இருந்தவர், பல தேசத்துக் காசு சேர்க்கிறார். அவரிடம் கொண்டு போனேன். லென்ஸ் வைத்துப் பார்த்து 1889 என்று வருஷம் வாசித்தார், சின்னத் தராசில் நிறுத்தார். திருநாளுக்குத் திருநாள் புளி போட்டுத் தேய்த்ததில் முகம் மழுங்கிப் பாதி விலை போய்விட்டது என்றார். பின்பக்கம் கழுகுக்குக் கீழே இரண்டு சின்ன எழுத்து இருந்தால் அபூர்வக் காசாம், அதற்கு நாங்கள் இருவரும் போய்வரும் செலவுக்கு மேலேயே தருவாராம். இல்லாவிட்டால் வெறும் வெள்ளி விலைதான். அந்தத் தேசத்துக் காசில் முன்பக்கம் நேராய் நின்றால் பின்பக்கம் தலைகீழாய் இருக்குமாம். ஆகவே மாதா தலைக்கு மேலே ஆசாரி வைத்த பற்று சரியாய் அந்த எழுத்து இருக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. நெருப்புக் காட்டி வளையத்தை எடுத்தால்தான் தெரியும். மாதா மேலே நெருப்பா என்று கேட்டேன். மனிதர் சிரிக்கவில்லை. அருளப்பா, இது மாதா இல்லப்பா, சுதந்திரத்துக்கு அடையாளமா அந்த ஊர்க்காரங்க போடுற பொம்பள முகம் என்று மெதுவாய்ச் சொன்னார்.

காசை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன் மகளே. யாரும் விலைக்குக் கேட்கவில்லை என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். மாதாவுக்கு நம்மள விட்டுப் போக மனசில்லைங்க என்று மறுபடியும் கழுத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். ஒரு வார்த்தை சொன்னால் அவளே கழற்றிக் கொடுப்பாள், எழுத்து இருந்தால் பேரனையும் பார்க்கலாம். அந்த ஒரு வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. நாலு வயசில் உனக்கு விஷக் காய்ச்சல் வந்தபோது அந்தக் காசை உன் நெற்றியில் வைத்து மூன்று நாள் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிடந்தாளே, நீ யாரை வேண்டினாய் தெரியுமா என்று அவளிடம் நான் எப்படிக் கேட்பேன்? பேரனைப் பார்க்கிற வழியை நானே அடைத்துவிட்டேனோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, அலுத்துப்போச்சு.

பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றினால் உடனே துவட்டு, சளி கட்டவிடாதே. அவனுடைய ஒரு படம் எடுத்து அனுப்பு, அம்மா அதையாவது மடியில் வைத்துக்கொள்ளட்டும். உங்கள் மூவருக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுசு கொடுப்பாராக. முக்கியமாய் ஒன்று. நான் மலையிலிருந்து வருமுன்னே தபால் வந்தால், பக்கத்துக் காம்பரா லெட்சுமியைக் கூப்பிட்டு அம்மா வாசிக்கச் சொல்லிவிடுவாள். ஆகையால் நான் எழுதிய எதையும் பதிலில் எழுதாதே. மாதா சுகமா என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ச. அருளப்பன்