ஒன்பதாம் எண் காரின் நீலம்

ஜனவரி 20, 2025, திங்கள்

பொம்மிடி பஸ்ஸில் இன்று உட்கார இடம் கிடைத்தது. அதை மட்டும் எழுதிவிட்டுத் தூங்கலாம் என்றிருந்தேன். ஆனால் இன்னொன்றும் நடந்திருக்கிறது.

நான் வேலை செய்யும் ஜாவீத் அண்ணனின் விளம்பரக் கடைக்கு, படம் வரையப் பெரிய சுவர் ஒன்று வந்திருக்கிறது. தொப்பூர் போகும் வழியில், பைபாஸை ஒட்டி, இளம்பரிதி சார் ஹோட்டல் கட்டுகிறார். உள்சுவர் முழுக்கப் பழைய ரேஸ் கார்களும் அவற்றை ஓட்டியவர்களும் வேண்டுமாம். பெங்களூர் போகிறவர்கள் நின்று செல்ஃபி எடுக்க வேண்டுமாம். கடையில் ஃப்ளெக்ஸ் டிசைன் செய்கிற எனக்கு முகம் நன்றாக வரும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேன்.

அம்மா புலம்பினாள். "எங்கூட்லயே மொதல்ல டிகிரி வாங்குனவ நீதான். சாரத்துல ஏறி நிக்கறதுக்கா படிச்ச?"

எதற்குப் படித்தேன் என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் சந்தோஷமாக இருக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

சார் கொடுத்த படங்களில் பாதி வெளிநாட்டுக்காரர்கள். சுருட்டு மாதிரி நீண்ட கார்கள், அதில் இடுப்புவரை வெளியே தெரிய உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். சீட் பெல்ட் கிடையாது. முகமெல்லாம் கரி. கண்ணில் பெரிய தூசிக்கண்ணாடி. சாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

மோட்டார் கிளப் மலர் ஒன்றிலிருந்து, சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் அந்தக் காலத்தில் நடந்த ரேஸ் படங்களும் இருக்கின்றன. அதில் ஒரு பெண்! ஒன்பது என்று எழுதிய ஃபியட்டில் சாய்ந்து நிற்கிறாள். ஹெல்மெட் கையிடுக்கில். தூசிக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. கீழே 'நிர்மலா, சேலம்' என்று மட்டும் போட்டிருக்கிறது.

"இவங்களையும் வரையட்டுங்களா சார்?" என்று கேட்டேன். நான்தான் கேட்டேன்.

"போடும்மா, போடு. வெரைட்டியா இருக்கும்."

சுவரின் நடுவில் நிர்மலாவுக்கு இடம் குறித்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

மோட்டார் கிளப்பில் கேட்டு நிர்மலா அம்மாவின் போன் எண் வாங்கி வைத்து நான்கு நாளாயிற்று. இன்றுதான் பேசத் தைரியம் வந்தது. எடுத்தவர் அவரேதான்.

படம் கறுப்பு வெள்ளை, அதனால் கார் என்ன நிறம் என்று கேட்டேன். பச்சையா?

"பச்சையா? யாரும்மா சொன்னது? நீலம். எங்க வூட்டு கேட்டுக்கு அடிச்ச பெயின்ட்டு மீந்துபோச்சு. அப்பாவுக்குத் தெரியாம நானே அடிச்சேன். பிரஷ் தடம்லாம் அப்படியே தெரியும். ரேஸ் அன்னிக்கு எல்லாரும் சிரிச்சானுங்க."

"ஜெயிச்சீங்களா?"

"மூணாவது. சிரிச்சவனுங்கள்ல ரெண்டு பேரு எனக்குப் பின்னால."

அந்தப் படத்தில் கண் சரியாகத் தெரியவில்லை என்றேன். நல்ல படம் ஒன்று பீரோவில் இருக்கிறது, தேடி அனுப்புகிறேன் என்றார். திறப்பு விழாவுக்கு வாருங்கள் என்றும் சொல்லிவிட்டேன். நானா பேசினேன் அவ்வளவும்?

பிப்ரவரி 11, செவ்வாய்

நீலம் கிடைத்துவிட்டது. வானநீலம் இல்லை, மயில்நீலமும் இல்லை. இரும்பு கேட்டின் நீலம். அகலப் பிரஷ்ஷால் தடம் தெரிய அடித்தேன். ஜாவீத் அண்ணன் "ஃபினிஷிங் பத்தலயே" என்றார். அப்படித்தான் என்றேன்.

பிப்ரவரி 17, திங்கள்

மற்றவர்களுக்கெல்லாம் தூசிக்கண்ணாடி இருக்கிறது. கண்ணாடியில் கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் மேகம், அவ்வளவுதான். நிர்மலா அம்மாவுக்கு மட்டும்தான் கண் வரைய வேண்டும்.

என்னோடு வண்ணம் பூசும் சோபனாவின் வீட்டார் ஐயனார் கோயில் குதிரைகளுக்கு வண்ணம் தீட்டுகிறவர்கள். கண்ணைக் கடைசியில்தான் திறக்க வேண்டுமாம். திறந்தபின் அந்த முகத்தை யாரும் அழிக்கக் கூடாதாம், அழித்த கை விளங்காதாம். நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனாலும் பிடித்திருந்தது.

அவர் அனுப்பும் படம் வரட்டும் என்று கண்ணை விட்டுவைத்திருக்கிறேன். சுருக்கிய கண்ணை இப்போதே வரைந்துவிடலாம். ஆனால் சரியாக வர வேண்டும்.

பிப்ரவரி 19, புதன்

சார் வந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய அப்பா சென்னப்பன் போன வருஷம் இறந்துவிட்டார். லாரி வைத்திருந்தவர்.

"நடுவுல இருக்கற லேடிக்குப் பதிலா எங்கப்பாவ வெச்சிரும்மா. அதே காரு, அதே டிரெஸ்ஸு. மீசை மட்டும் பெருசா."

ஜாவீத் அண்ணன் மெதுவாக, "பெரியவரு ரேஸ் ஓட்டுனாருங்களா?" என்றார்.

"தொப்பூர் கணவாய்ல லோடு வண்டிய எறக்குனவருப்பா! இவனுங்கள்லாம் என்ன ஓட்டுனானுங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாய் தானாகச் சிரித்துவிட்டது.

சார் போனபின் சோபனாதான் ஜாவீத் அண்ணனிடம் கேட்டாள். "ஏண்ணா, முகத்த அழிச்சா ஆகாதுண்ணா."

அண்ணன் சொன்னார்: "கண்ணு இன்னும் தொறக்கலல்ல? அப்பறம் என்ன? அது வரைக்கும் வெறும் சுண்ணாம்புதான்."

சோபனா மறுபடி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டாள். அவள் வீட்டு வழக்கப்படியே அது சரிதான்.

பிப்ரவரி 20, வியாழன்

அழித்தேன்.

சாயங்காலம் போனில் படம் வந்திருந்தது. 'பக்கத்து வீட்டுப் பையனை விட்டு அனுப்பச் சொன்னேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.' எவ்வளவு தெளிவான கண்கள். இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால்… இல்லை. நான் காத்திராமல் இருந்திருந்தால். ஒரு மணி நேர வேலை. கண்ணை வைத்திருந்தால் சோபனா ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள், ஜாவீத் அண்ணனும் தயங்கியிருப்பார். நன்றாக வரவேண்டுமாம், நன்றாக! நல்லா வந்துச்சு போ.

பிப்ரவரி 26, புதன்

சென்னப்பனுக்குக் கண் திறந்தேன். போன வருஷம் அவருக்கு வைத்த இரங்கல் ஃப்ளெக்ஸில் பார்த்த அதே முகம். மீசை பெரிது.

மார்ச் 2, ஞாயிறு

நிர்மலா அம்மாவுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பூசை முடிந்து எண்ணை எடுத்தேன். வைத்துவிட்டேன். வயதானவர், அவ்வளவு தூரம் எங்கே வரப்போகிறார்?

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று இன்று திறப்பு விழா. காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு நேராகப் போனேன்.

சாரின் அம்மா குள்ளம்மாள் படத்தின் முன்னால் நின்று அழுதார். "எங்கூட்டுக்காரரு சிரிக்கிறாரு பாருடா!" என்று சுவரைத் தடவினார். மாலை போட்டார்கள். கார் பானெட்டில் சந்தனம் வைத்தார்கள். சக்கரத்தின் கீழ்த் தரையில் எலுமிச்சம்பழம்கூட வைத்தார்கள். அந்த அம்மாவைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

பதினொரு மணிக்கு டாக்சியில் வந்து இறங்கினார். பருத்திப் புடவை, வெட்டிய நரைமுடி. பார்த்ததும் தெரிந்துவிட்டது. போனில் வந்த படத்தின் அந்தக் கண்கள்.

சுவரை ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்பதாம் எண் முன்னால் நின்றார். சார் ஓடிவந்து, "எங்கப்பாங்க. சோழவரத்துல ஓட்டுனவரு" என்றார். இப்போதே அப்படிச் சொல்கிறார்!

நிர்மலா அம்மா மாலையைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார். "அப்படிங்களா. நல்ல காரு" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். என் விரல் நகங்களில் பெயின்ட் போகாமல் இருந்தது. "நீதானே போன்ல பேசுன பொண்ணு?"

சார் பக்கத்திலேயே நின்றார். ஜாவீத் அண்ணன் நின்றார்.

"இல்லைங்க" என்றேன்.

என் நகங்களைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"சரி. வரைஞ்சவங்களப் பாத்தா சொல்லும்மா. நீலம் சரியா வந்திருக்குன்னு."

சாப்பிடாமல் போய்விட்டார்.

மார்ச் 6, வியாழன்

மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி டைப் செய்தேன். அழித்தேன். அழிக்க நன்றாக வருகிறது எனக்கு.

ஏப்ரல் 28, திங்கள்

பாப்பிரெட்டிப்பட்டியில் பைக் ஷோரூம் ஒன்று. ஹோட்டல் சுவரைப் பார்த்துவிட்டு வந்தார்களாம், அதே மாதிரி ரேஸ் வீரர்கள் வேண்டுமாம். கோடு போடும் முன்பே முதலாளியிடம் கேட்டுவிட்டேன்: "முகம் யாருதுன்னு இப்பவே சொல்லிடுங்க சார்."

அவர் தன் போனிலிருந்து தன் படத்தையே காட்டினார்.

"தொழில் கத்துக்கிட்டம்மா நீ" என்றார் ஜாவீத் அண்ணன். பாராட்டித்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால், ஹோட்டல் வேலையில் மீந்து நான் கொண்டுவந்து வைத்திருந்த நீல டப்பாவைப் பரண்மேல் கண்டெடுத்து, அம்மா எங்கள் கேட்டுக்கு அடித்து முடித்திருந்தாள். பிரஷ் தடம் அப்படியே தெரிகிறது.

"வீணாப் போவுதேன்னு அடிச்சேன். நல்லால்ல?"

நன்றாக இருக்கிறது என்றேன். காயும்வரை வெளியிலேயே நின்றிருந்தேன்.