கலண்டரில் இறங்கிய அருள்

றக்வான
2005 தை

சசியின் அப்பாவுக்கு,

நீங்கள் வரைந்த நம் மலை கம்பெனி கலண்டரில் வந்திருக்கிறது. தேயிலைத் தோட்ட ஆபீசில் மாட்டியிருக்கிறார்கள். நீங்கள் எழுதிக்கொடுத்த விளக்கத்தைக் கிளாக்கர் ஐயா எங்களுக்கு வாசித்துக் காட்டினார். பனிமூட்டம் மாயையாம். உச்சியிலிருந்து இறங்கும் வெள்ளைக் கோடு இறையருளாம்.

"அருளா?" என்றாள், என்னைத் தன் ஒற்றையறைக் காம்பராவில் வைத்திருக்கும் மருதாயி. "தெரியாமப் போச்சே! அன்னைக்கு ஓடாம நின்னு வாங்கியிருப்போமே!"

அது மண் சரிந்த தடம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த அருள் இறங்கியபோது நீங்கள் கொழும்பில் இருந்தீர்கள். சசி வீட்டில் இருந்தாள்.

நம் லயத்து வீட்டு வரிசை இருக்கும் இடத்தில் தாமரைக்குளம் வரைந்திருக்கிறீர்கள். அது மனத்தூய்மையாம். இந்த மலையில் தாமரையை யார் கண்டது?

வேறு இடத்தில் வீடு கேட்டு நாங்கள் கொடுத்த மனுக்களை எவரும் படிக்கவில்லை. அதனால் அந்தக் கலண்டர் தாளைக் கேட்டு வாங்கி, குளத்தின்மேல் சிவப்புப் பேனாவால் லயத்தைக் கீறினேன். மண் மூடிய நம் காம்பராவையும் கீறினேன். நானும் மருதாயியும் அதை இரத்தினபுரி அரசாங்க அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம்.

அதிகாரி உங்கள் அருளின்மேல் விரலை வைத்துக் கீழே இழுத்துக்கொண்டு வந்தார். விரல் நம் காம்பராவில் நின்றது. இங்கே இப்போதும் ஆட்கள் இருக்கிறார்களா என்று சிங்களத்தில் கேட்டார்.

"நாங்கதான் இருக்கோம், மாத்தயா" என்றாள் மருதாயி.

வியாழக்கிழமை நேரில் பார்க்க வருகிறார்.

படத்தைக் கெடுத்துவிட்டேன் என்று வருந்த வேண்டாம். அடுத்த கலண்டருக்கு வேறு மலை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
குளத்துக்குள் குடியிருப்பவள்